கம்பியின் வேகமும் காதின் வேகமும்

திருப்பூரில் துணியை யாரும் மீட்டரில் பேசுவதில்லை. நூல் கிலோவில் வருகிறது, நிட்டிங் முடிந்த கிரே துணியும் கிலோவில்தான், டையிங்குக்குப் போவதும் திரும்புவதும் கிலோவில்தான். அதனால் தராசு இல்லாத யூனிட் இல்லை. அப்படியொரு மின்னணுத் தராசிலிருந்து நீளும் கேபிளின் மறுமுனையில் ஒரு பழைய கணினி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தராசின் முகப்பில் 56 கிலோ 700 கிராம் பளிச்சென்று தெரிகிறது. கணினித் திரையிலோ 5 வர வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சின்ன எஃப், 6-க்கு எக்ஸ், 7-க்கு ஒரு நெளிகோடு, நடுநடுவே பெயர் தெரியாத குறிகள். வெளியே டெலிவரி சலானுக்காக டெம்போக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார்.

கணினி உளறவில்லை. எத்தனை தடவை எடை போட்டாலும் 5 எஃப் ஆகத்தான் வரும், 6 எக்ஸ் ஆகத்தான் வரும். இந்த உளறலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைப் படிக்கத் தெரிந்த மெக்கானிக் மூடியைக் கழற்றாமலே கோளாறைச் சொல்லிவிடுவார்: தராசு நொடிக்கு 4800 பிட் அனுப்புகிறது, கணினி 9600 என்று நினைத்துக் கேட்கிறது.

எப்படி என்று பார்க்கலாம். 5 என்ற குறி கம்பியில் போகும்போது 1, 0, 1, 0, 1, 1, 0, 0 என்ற வரிசையில் போகும். அதற்கு முன்னால் ‘இதோ ஓர் எழுத்து வருகிறது’ என்று சொல்ல ஒரு 0 போகும். இதுதான் தொடக்க பிட். கேட்பவர் இரு மடங்கு வேகத்தில் கேட்பதால் ஒவ்வொரு பிட்டும் அவருக்கு இரண்டிரண்டாகப் படும்: 0, 0, 1, 1, 0, 0, 1, 1, 0, 0. முதல் 0-வைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு அடுத்த எட்டை எழுத்து என்று எண்ணிவிடுகிறார். அந்த எட்டு 0, 1, 1, 0, 0, 1, 1, 0. கணினியின் குறியீட்டு அட்டவணையில் அது 102-ஆம் எண், அதாவது சின்ன எஃப். பாதி எழுத்திலேயே ஓர் எழுத்தை முடித்துவிட்டதால் மிச்சப் பாதியைப் புது எழுத்தாக எண்ணி இன்னொரு குப்பைக் குறியையும் போட்டுவைக்கிறார்.

இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம் ஒன்றுதான். இரு முனைகளுக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. சீரியல் இணைப்பு என்று நாம் சொல்லும் ஆர்எஸ்-232 தரம் அமெரிக்காவில் 1960-ல் வந்தது. பரவலாகப் புழங்கிய அதன் ‘சி’ பதிப்பு 1969-ல் வந்தது. அதில் தகவலுக்குப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, பொதுவான தரைக் கம்பி ஒன்று இருந்தால் போதும், பேச்சு நடக்கும். ‘இப்போது பார், இப்போது பார்’ என்று தாளம் தட்ட அங்கே ஆள் இல்லை. ஒவ்வொரு முனையும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறது. எழுத்துக்கு எழுத்து தொடக்க பிட்டைக் கண்டதும் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு, அங்கிருந்து கடைசியில் வரும் முடிவு பிட்டையும் சேர்த்துப் பத்து பிட் நேரம் வரைக்கும் நம்பிக்கையில் எண்ணுகிறது. 1870-களில் தந்திக் குறியீடு வகுத்த பிரெஞ்சுக்காரர் எமில் போதோவின் பெயரால்தான் இந்த வேகத்தை இன்றும் ‘பாட்’ என்கிறோம்.

பத்து பிட் வரைக்கும் நம்பிக்கை என்றால் எவ்வளவு பிசகு தாங்கும்? ஒவ்வொரு பிட்டையும் அதன் நடுவில் பார்ப்பதுதான் முறை. கடைசி பிட்டைப் பார்க்கும்போது ஒன்பதரை பிட் நேரம் ஆகியிருக்கும். அதற்குள் அரை பிட்டுக்கு மேல் நகர்ந்தால் பக்கத்து பிட்டைப் பார்த்துவிடுவோம். அரையை ஒன்பதரையால் வகுத்தால் சுமார் 5 சதவீதம். இது இரு முனைக்கும் சேர்த்து. கம்பியில் அலையின் விளிம்பு மழுங்குவது, சில்லின் பார்வைத் துல்லியம் எல்லாவற்றையும் கழித்தால் ஒரு முனைக்கு 2 சதவீதம் என்று கணக்கு வைப்பது பாதுகாப்பு.

1984-ல் வந்த ஆப்பிள் 2சி இதில் மாட்டிக்கொண்டது. அதன் முதல் பதிப்பில் சீரியல் துறையின் தாளத்துக்குத் தனிப் படிகம் வைக்காமல், பலகையில் ஏற்கனவே இருந்த ஒரு தாளத்தை வகுத்து எடுத்தார்கள். கிடைத்த வேகம் 3 சதவீதம் மந்தம். 1200 பாட், அதற்கு மேல் ஓடும் சில மோடம்கள் அதோடு ஒத்துப்போகவில்லை. பிறகு 1.8432 மெகாஹெர்ட்ஸ் அலையாக்கி ஒன்றைத் தனியாகப் பொருத்திச் சரிசெய்தார்கள். அந்த விநோதமான எண் ஐபிஎம் பிசியின் சீரியல் அட்டையிலும் இருக்கும். காரணம் இல்லாமல் இல்லை: அதை 16-ஆல் வகுத்தால் 1,15,200 மிச்சமில்லாமல் வரும், அதை மேலும் 12-ஆல் வகுத்தால் 9600.

நம் நாட்டில், மத்திய அரசு 1984-ல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்து இறங்கிய பிபிசி மைக்ரோவும் தனிப் படிகம் வைக்கவில்லை. 16 மெகாஹெர்ட்ஸை 13-ஆல் வகுத்துக்கொண்டது. 13 கேட்பதற்குக் கோணலாக இருந்தாலும் விடை நேர்த்தியானது. 9600 என்று கேட்டால் 9615 தரும், பிசகு 0.16 சதவீதம்தான். இரண்டுமே செலவைக் குறைக்கச் செய்த வேலைதான், ஒன்றில் கணக்கு ஒத்துவந்தது, மற்றதில் வரவில்லை.

இதுவரைக்கும் சொன்னது சுலபமான பாதி. வேகம் ஒத்துப்போகாவிட்டால் முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும். இருபுறமும் ஒரே எண்ணை வைத்தால் தீர்ந்துவிடும். தலைவலி வருவது, எண்கள் அச்சாக ஒத்திருந்தும் எழுத்துகள் காணாமல் போகும்போதுதான்.

பழைய கணினியை டெர்மினலாக வைத்துப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை இடறியிருப்பார்கள். டெர்மினல் என்பது தானாக எதையும் கணக்கிடாத முனையம்: ஒரு விசைப்பலகை, ஒரு திரை, மையக் கணினிக்குப் போகும் ஒரு கேபிள். 1980-களின் நடுவில் டெல்லியில் சிஎம்சி நிறுவனம் ரயில் முன்பதிவைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது கவுண்டருக்கு ஒன்றாக வைத்தது இந்த மாதிரி முனையங்களைத்தான். நடுவில் ஒரு பெரிய கணினி, சுற்றிலும் கைகால்கள். இப்போது வேலை தலைகீழாகிவிட்டது. உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை மையக் கணினியாகிறது. மேசையை அடைக்கும் பழைய பெட்டி அதற்குத் திரையாகிறது. ஆர்வத்தால் செய்கிறவர்கள் உண்டு. திருப்பூர் மாதிரி ஊரில் வேறு வழியில்லாமலும் இது நடக்கிறது. பதினைந்து, இருபது வருடம் ஓடிய மெஷினோடு பேசத் தெரிந்தது அந்தப் பழைய பெட்டி மட்டும்தான் என்றால் அதைத் தூக்கிப்போட யாருக்கு மனம் வரும்?

அறிகுறி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். தட்டச்சு செய்வது ஒழுங்காகப் போகிறது. ஒரு வரி பதில் ஒழுங்காக வருகிறது. நீளமான பட்டியல் ஒன்றைக் கேட்டால் மட்டும் முதல் திரை நிரம்பும்வரை சரியாக வந்து, அதற்குப் பிறகு வரிகளின் தலை அறுந்து அறுந்து விழுகிறது.

மனிதர் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் நொடிக்குப் பத்து எழுத்தைத் தாண்டுவது கடினம். ஆகவே போகும் வழியில் சிக்கல் இல்லை. வரும் வழியில் 9600 பாட் என்றால் நொடிக்கு 960 எழுத்து. எழுத்துக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்து 10 பிட். 80 எழுத்து அகலம், 24 வரி உள்ள திரையில் 1920 இடம் இருக்கிறது. அது இரண்டே நொடியில் நிரம்பிவிடும். நிரம்பியதும் திரையை ஒரு வரி மேலே தள்ள வேண்டும். பழைய கணினி மூச்சு வாங்குவது அங்கேதான்.

சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் திரையில் தெரியும் படம் 6144 பைட். அதை மேலே நகர்த்த அதன் இசட்-80 செயலியிடம் உள்ள ஒற்றைக் கட்டளைக்கு ஒரு பைட்டுக்கு 21 துடிப்பு பிடிக்கும். நொடிக்கு 35 லட்சம் துடிப்பு என்றால் ஒருமுறை நகர்த்த சுமார் 37 மில்லிநொடி. அந்த 37 மில்லிநொடியில் 9600 பாட்டில் 35 எழுத்து வந்து கதவைத் தட்டியிருக்கும். ஸ்பெக்ட்ரத்துக்கோ கதவைப் பார்க்கத் தனியாக ஆள் இல்லை. சீரியல் கம்பியில் வரும் ஒவ்வொரு பிட்டையும் அந்த ஒரே செயலிதான் கண்கொட்டாமல் பார்த்து எண்ண வேண்டும். திரையை நகர்த்தப் போனால் கம்பி கவனிப்பாரற்றுக் கிடக்கும்.

1981-ன் ஐபிஎம் பிசியில் கதவுக்கு ஒரு காவலாளி இருந்தார், 8250 என்ற சில்லு. பிட்டுகளை அவரே சேர்த்து முழு எழுத்தாக்கிக் கையில் வைத்திருப்பார். ஆனால் அவர் கையில் ஓர் எழுத்துக்குத்தான் இடம். 9600 பாட்டில் ஒரு மில்லிநொடிக்குச் சற்று மேலே ஆனதும் அடுத்த எழுத்து வந்து முதல் எழுத்தைக் கீழே தள்ளிவிடும். அதற்குள் செயலி வந்து வாங்கிக்கொள்ளாவிட்டால் அந்த எழுத்து போனது போனதுதான். பின்னால் வந்த 16550 என்ற சில்லில் 16 எழுத்து வைக்கும் தட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். அதன் முதல் பதிப்பில் அந்தத் தட்டே கோளாறாகிப்போக, திருத்திய 16550ஏ வந்த பிறகுதான் மனிதர்கள் நிம்மதியாக வேகத்தைக் கூட்டினார்கள். பழைய பிசியை டெர்மினலாக்கும்போது எழுத்து விழுங்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது கேபிளை அல்ல, உள்ளே இருப்பது 8250-யா 16550ஏ-வா என்பதைத்தான்.

உண்மையான டெர்மினல்களே கூட இதற்கு விலக்கல்ல. 1978-ல் டிஇசி நிறுவனம் கொண்டுவந்த விடி-100, இன்றைய லினக்ஸ் திரைகள்வரை எல்லோரும் நகலெடுக்கும் மாதிரி. 19,200 பாட் வரை வைக்கலாம் என்று அதன் கையேடு சொல்லும். ஆனால் எழுத்துகள் வழுக்கிக்கொண்டு மேலே போகும் அழகான ‘மென்நகர்வு’ முறையை இயக்கினால் நொடிக்கு ஆறு வரிக்கு மேல் அதால் நகர்த்த முடியாது. உள்ளே 64 எழுத்துக்கான தொட்டி இருந்தது. 32 நிரம்பியதும் அது மையக் கணினியைப் பார்த்து ‘நில்’ என்று கத்தும். தொட்டி வடிந்ததும் ‘வா’ என்று கூப்பிடும்.

அந்த ‘நில்’லுக்கும் ‘வா’வுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது திருப்பூரின் எம்பிராய்டரி மெஷின்வரை வந்து சேர்கிறது.

1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33 என்பது தட்டச்சு இயந்திரமும் காகித நாடாவும் சேர்ந்த முனையம். நாடாவில் எட்டு வரிசைத் துளைகள். நொடிக்குப் பத்து எழுத்து வேகம். தூரத்தில் இருக்கும் கணினி நாடா படிப்பானை நிறுத்த 19-ஆம் எண் குறியையும், ஓடவிட 17-ஆம் எண் குறியையும் அனுப்பும். விசைப்பலகையில் கன்ட்ரோல்-எஸ், கன்ட்ரோல்-கியூ. நாடா போய்விட்டது, குறிகள் தங்கிவிட்டன. இன்றும் லினக்ஸ் திரையில் தெரியாத்தனமாக கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டு ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று கணினியை அணைப்பவர்கள் உண்டு. அவர்கள் அழுத்தியது அறுபது வருடத்துக்கு முந்தைய நாடாவின் பிரேக்.

எம்பிராய்டரி உலகமும் அதே எட்டு வரிசை நாடாவில்தான் வளர்ந்தது. டிசைனைத் தையல் தையலாகப் பிரித்து நாடாவில் துளையிட்டு மெஷினுக்குக் கொடுப்பார்கள். நாடா மறைந்து தலைமுறை ஆகிவிட்டது. இன்று எல்லாம் மவுசில்தான். ஆனாலும் திருப்பூரில் டிசைன் போடுகிறவரிடம் கேட்டால் ‘பஞ்சிங் பண்றேனுங்க’ என்றுதான் சொல்வார். நாடாவுக்குப் பிறகு ஃபிளாப்பி, அதோடு கூட சீரியல் கேபிள், பிறகு யுஎஸ்பி என்று வாகனம் மாறியது. ஜப்பானின் தஜிமா நிறுவனத்தின் டிஎஸ்டி என்ற கோப்பு வடிவம் மட்டும் நாடா காலத்து உடம்போடு இன்றும் புழங்குகிறது.

அந்த உடம்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது. தலைப்புக்கு 512 பைட். அதன்பின் ஒரு தையலுக்கு 3 பைட். ஒவ்வொரு தையலும் முந்தைய புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை 0.1 மில்லிமீட்டர் கணக்கில் சொல்லும். தூரத்தை 1, 3, 9, 27, 81 என்ற ஐந்து படிக்கற்களைக் கூட்டியும் கழித்தும் எழுதுவார்கள். தராசின் இரு தட்டிலும் கல் வைத்து எடை போடும் பழைய வித்தைதான். 5 வேண்டுமா? 9-லிருந்து 3-ஐயும் 1-ஐயும் கழி. எல்லாக் கல்லையும் சேர்த்தால் 121, அதாவது ஒரு தையலின் உச்ச நீளம் 12.1 மில்லிமீட்டர்.

இப்போது வேகக் கணக்கு. நிமிடத்துக்கு 750 தையல் ஓடும் மெஷினுக்கு நொடிக்குப் பன்னிரண்டரை தையல், அதாவது 37.5 பைட் போதும். 9600 பாட் கேபிள் 960 பைட் கொண்டுவருகிறது, ஊசியைவிட 25 மடங்கு வேகம். (மாடல் 33-ன் நாடா படிப்பானைக் கொண்டுவந்து வைத்தால் ஊசி பட்டினி கிடந்திருக்கும்.) 10,000 தையல் உள்ள டிசைன் 30,512 பைட், 9600 பாட்டில் 32 நொடிக்குள் முழுதும் வந்துவிடும். தைக்க 13 நிமிடம் 20 நொடி ஆகும். ஆக, இங்கேயும் கம்பியின் வேகம் போதாதது அல்ல. மெஷினின் நினைவகம் நிரம்பி அது ‘நில்’ என்னும்போது கணினி நிற்கிறதா என்பதே கேள்வி.

நிறுத்தச் சொல்ல இரண்டு வழி உண்டு. ஒன்று, கேபிளிலேயே அதற்கென்று தனிக் கம்பிகள் போடுவது: ‘அனுப்பலாமா’ என்று கேட்க ஒன்று, ‘அனுப்பு’ என்று சொல்ல ஒன்று. இன்னொன்று, தகவல் வரும் கம்பியிலேயே அந்த 17, 19-ஆம் குறிகளைச் செருகி அனுப்புவது. உள்ளூர்க் கடையில் பற்றவைத்துத் தரும் கேபிள்களில் பெரும்பாலும் மூன்றே கம்பி. ஒன்பது ஊசி இணைப்பியில் 2, 3, 5. செலவு குறைவு, வேலை சுலபம், தராசுக்கு அது தாராளம். மெஷினுக்கு அதே கேபிளைப் போட்டால் கேட்கும் கம்பியும் சொல்லும் கம்பியும் இல்லை. மிஞ்சுவது நாடா காலத்துக் குறிகள்தான். டெர்மினல் மென்பொருள்கள் பலவற்றிலும் அந்த முறைக்கு ஒரு டிக் போட்டே வைத்திருப்பார்கள்.

எழுத்து மட்டும் போய்வரும் வழியில் 19-ஆம் குறி தற்செயலாக வராது. டிசைன் எழுத்தல்ல. டிஎஸ்டியின் மூன்றாவது பைட்டில் கடைசி இரு பிட்டும் எப்போதும் 1. அதனால் அதன் அடிப்படை மதிப்பு 3. செங்குத்தாகக் குறிப்பிட்ட ஒரு திசையில் 81 என்ற கல் விழுந்தால் அதோடு 16 சேரும். மூன்றும் பதினாறும் பத்தொன்பது! 40 வரைக்கும் சின்னக் கற்களே போதும். 41-லிருந்து 81 தேவை. அதாவது அந்தத் திசையில் 4.1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீளும் தையல் ஒவ்வொன்றும், பக்கவாட்டில் அதிகம் போகாமல் இருந்தால், கம்பியில் ‘நில்’ என்ற குறியாகவே போகிறது. அகலமான சாட்டின் இதழ் தைக்கும் டிசைனில் இப்படி நூற்றுக்கணக்கில் வரும்.

கேட்கும் பக்கம் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிட்டால் ஒரு பைட் குறைகிறது. மும்மூன்றாக எண்ணி வந்த வரிசை ஒன்று நகர்ந்து, இந்தத் தையலின் வாலும் அடுத்த தையலின் தலையும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஊசி எங்கே போகும் என்று பஞ்சிங் செய்தவராலும் சொல்ல முடியாது. “காம்பு வரைக்கும் நல்லாத்தானுங்கண்ணா வந்துச்சு, பூவுல போய்த்தான் நடந்து போயிருச்சு” என்று ஆபரேட்டர் சொன்னால் நம்பலாம். காம்பில் சின்னத் தையல், பூவில் நீளத் தையல். குற்றவாளி நூலும் அல்ல, ஃபிரேமும் அல்ல.

மெஷின் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தனிக் கம்பி முறையையோ, பைட்டுகளை உறையிலிட்டு அனுப்பும் தங்கள் சொந்த வழக்கத்தையோ வைத்துத்தான் விற்றார்கள். பழைய கணினி செத்து, வேறொன்றைக் கொண்டுவந்து, கிடைத்த மென்பொருளில் கிடைத்த அமைப்போடு டிசைனை அனுப்பும்போதுதான் வினை.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. அமைப்பில் 8 பிட்டுக்குப் பதில் 7 பிட் என்று வைத்துவிடுவது. ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் பழைய டெர்மினல் வழக்கம் அது. டிஎஸ்டியில் எட்டாவது பிட் காலியாக இல்லை. முதல் பைட்டில் அது ‘மேலே 1’, இரண்டாவதில் ‘மேலே 3’, மூன்றாவதில் ‘தைக்காமல் தாண்டு’. அதை வெட்டிவிட்டால் மேலே போகும் சின்னச் சின்ன அடிகள் தொலைந்து, கீழே போகும் அடிகள் மட்டும் தங்கும். டிசைன் மெதுவாக ஒரு பக்கம் சரியும். தாண்ட வேண்டிய இடத்திலெல்லாம் ஊசி தைத்துக்கொண்டே போகும். சட்டையில் தெரிவது வெறும் நூல் குளறுபடி. எட்டாவது பிட்டைத் தேட யாருக்கும் தோன்றாது.

பழைய கணினியே வேண்டாம், புது லேப்டாப்பில் யுஎஸ்பி மாற்றி ஒன்றைச் செருகிக்கொள்ளலாம் என்பது அடுத்த யோசனை. சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கிறது. இங்கே கோளாறு வேறு வடிவத்தில் வருகிறது. யுஎஸ்பி பைட் பைட்டாகப் பேசாது, மூட்டை கட்டிப் பேசும். பிரபலமான எஃப்டிடிஐ சில்லுகள் வந்த தகவலைக் கணினிக்குத் தள்ளுவதற்கு முன் வழக்கமாக 16 மில்லிநொடி காத்திருக்கும். மெஷின் ‘நில்’ என்று சொன்னது லேப்டாப்பின் மென்பொருளுக்குப் போய்ச் சேர்வதற்குள், முன்பே மூட்டை கட்டி அனுப்பியவை கம்பியில் இறங்கிக்கொண்டே இருக்கும். விடி-100-ன் தொட்டியில் ‘நில்’ சொன்னபின் மிச்சமிருந்தது 32 இடம். 9600 பாட்டில் 33 மில்லிநொடி. அந்தக் காலக் கணினி உடனே நின்றது, அதனால் போதுமாக இருந்தது. நூற்றுக்கணக்கான பைட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கத் தெரியாத மாற்றிக்கு அந்த 32 எந்த மூலைக்கு? புதுக் கணினி பழையதைவிட ஆயிரம் மடங்கு வேகம், ஆனால் நிறுத்துவதில் அதைவிட மந்தம்.

மலிவு மாற்றிகளில் போலிச் சில்லுகள் ஏராளம். 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ வெளியிட்ட ஒரு மென்பொருள், விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகப் போய், போலிகளின் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டது. தங்கள் மாற்றி போலி என்றே தெரியாதவர்களின் கருவிகளும் ஒரே நாளில் ஊமையாயின. கண்டனம் எழுந்ததும் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது.

சாயப்பட்டறைப் பக்கம் போனால் இதே பிரச்சினைக்கு இன்னொரு முகம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யலில் ஒரு சொட்டுக் கழிவும் விடாத முறைக்கு மாறித்தான் அவை திரும்ப ஓடின. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஓட்டமானிகளும் உணரிகளும் பரந்து கிடக்கும். ஆர்எஸ்-232 கேபிள் 15 மீட்டருக்கு என்று வகுக்கப்பட்டது, பெரிய மோட்டார்களின் இரைச்சலுக்கு நடுவே அது தாங்காது. அதனால் இத்தகைய ஆலைகளில் 1983-ல் வந்த ஆர்எஸ்-485 தான் வழக்கம். முறுக்கிய இரட்டைக் கம்பியில் 1200 மீட்டர் வரை போகும். அதன்மேல் பேசும் மொழி பெரும்பாலும் 1979-ல் பிறந்த மாட்பஸ். அதில் ஒரு செய்தி முடிந்தது என்பதற்கு அடையாளம் மூன்றரை எழுத்து நேர மௌனம். 9600-ல் 4 மில்லிநொடி. 16 மில்லிநொடிக்கு ஒருமுறை மூட்டை இறக்கும் மாற்றியின் காதில் அந்த மௌனம் விழுவதே இல்லை. அப்போது இரண்டு செய்திகள் ஒட்டி ஒன்றாகிவிடும்.

டெர்மினல் காலத்து ஆட்கள் மந்தமான காதுக்கு ஏற்பப் பேசப் பழகியிருந்தார்கள். ‘இந்த முனையம் திரையைத் துடைக்க இத்தனை மில்லிநொடி எடுக்கும், அதுவரை வெற்றுக் குறிகளை அனுப்பு’ என்று யூனிக்ஸின் முனையப் பட்டியலில் ஒவ்வொரு மாடலுக்கும் எழுதி வைத்தார்கள். பில் ஜாய் தம் ‘விஐ’ எடிட்டரை எழுதியபோது அவரிடம் இருந்தது 300 பாட் மோடம். ஒரு முழுத்திரை வரைய 64 நொடி. அதனால்தான் அதன் கட்டளைகள் பெரும்பாலும் ஒற்றை எழுத்து. இன்று அதைத் திட்டிக்கொண்டே கற்றுக்கொள்ளும் பொறியியல் மாணவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம்.

பழைய கணினியை முனையமாக வைத்துச் சமாளிப்பவர்கள் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. ஏழு கம்பி உள்ள முழுக் கேபிள் போடுகிறார்கள். டிசைன் அனுப்பும் வழியில் 17, 19 முறையின் டிக்கை எடுத்துவிடுகிறார்கள். அப்படியும் அடங்காவிட்டால் வேகத்தைக் குறைக்கிறார்கள். எழுத்து விழுங்கும் பழைய மானிட்டர் ஓரத்தில் மார்க்கரால் எழுதி ஒட்டிய சீட்டில் ‘2400, 8, என், 2 – மாத்தாதீங்க’ என்று இருந்தால், எழுதியவர் ஏற்கனவே நிறையப் பட்டுத் தெளிந்தவர் என்று அர்த்தம். 2400-ல் அந்த 10,000 தையல் டிசைன் வர 2 நிமிடம் 20 நொடி ஆகும். அப்போதும் ஊசியைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு வேகம். கடைசியில் உள்ள 2 என்பது எழுத்துக்கு எழுத்து ஒன்றுக்குப் பதில் இரண்டு முடிவு பிட். அதனால் கேட்பவருக்கு ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் 417 மைக்ரோநொடி கூடுதல் மூச்சு கிடைக்கிறது. 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பழைய 6502 செயலிக்கு அது 417 துடிப்பு. வந்த பைட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பிக் கம்பியைப் பார்க்க அதற்கு நூறு துடிப்பே தாராளம்.